மூட்டுவலியும் மூட்டுவாதமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவாத நோயாளிகளுக்கு மருந்து எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது செவிலியரான என் அன்றாட வேலை. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் பலருக்கு உண்மையான சந்தேகம் வாய்க்கு வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அப்படி அடிக்கடி வருபவற்றை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாக நோய்க்குப் பெயர் வைக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டாம். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவானால் போதும்.

மூட்டுவலி, தேய்மானம், வாதம், சரவாங்கி... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. மூட்டுவலி ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் இருக்கும் நோய்கள் நூறுக்கும் மேல். பெரிதாகப் பிரித்தால் நான்கு கூட்டம் வரும். மூட்டு தேய்ந்து வருவது ஒன்று. நோய் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்குவதால் வருவது இன்னொன்று. சரவாங்கி என்கிற முடக்குவாதம், தண்டுவட வாதம், லூபஸ் எல்லாம் இதில் சேரும். மூட்டுக்குள் உப்புப் படிகம் சேர்ந்து வருவது கவுட். நான்காவது, கிருமித் தொற்றால் வருவது.

ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும். "எனக்கு மூட்டுவாதம்" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எந்த மூட்டுவாதம்?" வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களில்கூடப் பலருக்கு பதில் தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் நோயின் பெயரை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மூட்டுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

எலும்பு முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். மூட்டைச் சுற்றி ஓர் உறை. அந்த உறையின் உட்பக்கத்தில் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு சுரக்கும் திரவம்தான் மூட்டு உரசாமல் அசைய உதவுகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால்தான் அது சேதமாகும்போது ஆரம்பத்தில் வலி தெரிவதில்லை, சேதமானால் எளிதில் ஆறுவதும் இல்லை.

தேய்மானத்தில் முதன்மையாக அடிபடுவது குருத்தெலும்பு. சரவாங்கியில் அந்த மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்து எலும்பையே அரிக்க ஆரம்பிக்கிறது. தண்டுவட வாதத்தில், தசைநார்கள் எலும்போடு ஒட்டும் இடத்தில் அழற்சி, அதாவது வீக்கமும் சூடும் வலியும், வருகிறது. கவுட்டில் படிகங்களைக் கண்ட வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கப் போய், மூட்டே கொதித்துப்போகிறது.

எனக்கு இருக்கிறது தேய்மானமா, வாதமா? நானே தெரிஞ்சுக்க முடியுமா?

உறுதியாக முடியாது. ஆனால் சந்தேகப்பட உதவும் அடையாளங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கவனியுங்கள். தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். சரவாங்கி, தண்டுவட வாதம் போன்ற அழற்சி வகைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். சட்டைப் பொத்தான் போட முடியாது, பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, பத்து மணிக்கு மேல்தான் கை சொன்னபடி கேட்கிறது என்பார்கள். தேய்மான வலி வேலை செய்யச் செய்ய ஏறும், உட்கார்ந்தால் குறையும். அழற்சி வலி ஓய்வில் கூடும், அசைய அசையக் குறையும்.

இடமும் முக்கியம். நகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி விரல் மூட்டில் கெட்டியாக முடிச்சு விழுந்தால் அது அநேகமாகத் தேய்மானம். சரவாங்கி அந்த மூட்டை விட்டுவிட்டு விரல் கணுக்கள், நடு மூட்டுகள், மணிக்கட்டு என்று இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும். கை கொடுப்பதுபோல நான்கு விரல் கணுக்களையும் சேர்த்து லேசாக அழுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். சும்மா அழுத்தியதற்கே முகம் சுளித்தால், மூட்டைத் தொட்டால் எலும்பு போல இல்லாமல் மெத்தென்று இருந்தால், அவரை மூட்டுவாத மருத்துவரான ருமட்டாலஜிஸ்ட்டிடம் சீக்கிரம் அனுப்புவோம். வீக்கமும் நீண்ட காலை விறைப்பும் ஆறு வாரம் தாண்டினால், "வயசு ஆகுது, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

தேய்மானம் வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே? அதுக்கு என்ன செய்ய முடியும்?

வயது பெரிய காரணம்தான், அது மட்டுமே காரணம் இல்லை. பழைய மூட்டுக் காயம், உடல் எடை, பரம்பரை, தொடையின் முன்தசை பலவீனம், மண்டியிட்டும் குந்தியும் பல வருடம் செய்யும் வேலை எல்லாம் சேரும். பெண்களுக்கு அதிகம். இளம் வயதில் விளையாட்டில் முட்டியின் தசைநார் அறுந்தவருக்கு நாற்பதுகளிலேயே தேய்மானம் தெரிவதும் உண்டு.

தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படி விற்கப்படும் மாத்திரைகளில் அதிகம் பேசப்படும் குளுக்கோசமைன்கூட, கவனமாகச் செய்த ஆய்வுகளில் தெளிவான பலன் காட்டவில்லை. ஆனால் எடை குறைப்பு நிஜமாகவே உதவுகிறது. ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

முட்டி தேஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. நடந்தா இன்னும் தேயுமே?

இந்தப் பயம்தான் தேய்மானத்தைவிட அதிகமாக ஆட்களை முடக்குகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அது உணவு பெறுவது மூட்டுத் திரவத்திலிருந்துதான். ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதுபோல, மூட்டின் மேல் பளு ஏறி இறங்கும்போது அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. கூடவே தொடைத் தசையும் மெலிந்து, முழுப் பளுவும் மூட்டின் மேலேயே இறங்குகிறது.

முட்டித் தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே உடற்பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிச் சில விநாடி பிடித்து இறக்குவதில் தொடங்கலாம். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் வலிப்பது பரவாயில்லை. மறுநாளும் வலி அப்படியே இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

விரல்ல சொடக்கு எடுத்தா மூட்டுவாதம் வரும்னு சொல்றாங்களே?

வராது. டொனால்டு உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளாக இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்து, வலது கையை அப்படியே விட்டுவைத்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998ல் எழுதினார். ஒரே ஒருவரின் கை பெரிய சான்று ஆகாதுதான். ஆனால் பலரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் தொடர்பு தெரியவில்லை. சொடக்கோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

எக்ஸ்ரேயில நாலாவது ஸ்டேஜ்னு எழுதியிருக்கு. ஆபரேஷன் கட்டாயமா?

எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆபரேஷன் முடிவு செய்வதில்லை. படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு நிம்மதியாக நடமாடுபவர்கள் உண்டு. படம் பரவாயில்லை, ஆனால் வலி தாங்கவில்லை என்பவர்களும் உண்டு. ஒழுங்கான பயிற்சி, எடை குறைப்பு, வலி மருந்து எல்லாம் முயன்ற பிறகும் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம் என்றால் மூட்டு மாற்று நல்ல தீர்வு. முழு முட்டி மாற்று செய்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த மூட்டு 25 ஆண்டு வரை உழைக்கிறது.

சரவாங்கி ஏன் வந்துச்சு? நான் என்ன தப்பு பண்ணினேன்?

நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. இதைக் கேட்பவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். கைக்குழந்தையைத் தூக்க முடியாத குற்ற உணர்ச்சியோடு கேட்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் இரண்டு மூன்று மடங்கு அதிகம். சில மரபணுக்கள் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவை இருந்தும் நோய் வராதவர்களே அதிகம்.

தூண்டும் காரணங்களில் மிகத் தெளிவாக நிரூபணமானது புகைபிடித்தல். ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கான சான்றுகள் உள்ளன. நோய் எதிர்ப்பு சக்தியின் தடுமாற்றம் மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டு முன்பே ரத்தத்தில் தொடங்கிவிடுகிறது. அதனால் போன மாதம் நனைந்தது, அதிகம் வேலை செய்தது என்றெல்லாம் தேடி மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். புகைபிடித்தால் மட்டும் நிறுத்துங்கள். அது நோயைத் தூண்டுவதோடு மருந்தின் பலனையும் குறைக்கிறது.

நோய் கை மூட்டுல. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் எதுக்கு டெஸ்ட்?

சரவாங்கி உடல் முழுவதற்குமான நோய். அதே அழற்சி ரத்தக்குழாய்ச் சுவரிலும் நடப்பதால் மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. நுரையீரலில் தழும்பு விழலாம். வறட்டு இருமலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும் முதல் அடையாளம். கண் உலரும், ரத்தசோகை வரும், முழங்கை ஓரத்தில் வலியில்லாத முடிச்சுகள் வரும். இனம்புரியாத சோர்வும் நோயின் பகுதிதான், சோம்பேறித்தனம் இல்லை. இதை நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பல வருட நோய் என்றால் கழுத்தெலும்பின் மேல்பகுதியும் தளரக்கூடும். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் "எனக்குச் சரவாங்கி இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். அப்போ சரவாங்கி இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சரவாங்கி உள்ளவர்களிலேயே நான்கில் ஒருவர் அளவுக்கு இந்தச் சோதனை நெகட்டிவ்வாக வரும். எதிர்ப்பக்கமும் உண்டு: நோயே இல்லாத சிலருக்கும், வயதானவர்களுக்கும், சில தொற்றுகள் இருப்பவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். ஆன்டி சி.சி.பி. சோதனை இன்னும் நம்பகமானது. அது பாசிட்டிவ் என்றால் சந்தேகம் வலுவாகும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும், எந்த நோய் என்று காட்டாது.

இதே எச்சரிக்கை மற்றவற்றுக்கும் பொருந்தும். லூபஸ் போன்ற நோய்களுக்காகப் பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனை லேசாகப் பாசிட்டிவ் என்பது ஆரோக்கியமானவர்களிடமும் சகஜம். ஏ.எஸ்.ஓ. அதிகம் என்றால் சமீபத்தில் தொண்டையிலோ தோலிலோ ஒரு வகைக் கிருமி வந்து போனது என்று மட்டுமே அர்த்தம். அதை வைத்து வாதம் என்று முடிவுகட்டக் கூடாது. காகிதத்தில் தடித்த எழுத்தில் வந்திருப்பதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்த்த கை சொல்வதோடு சேர்த்துத்தான் எந்தச் சோதனையையும் படிக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் கேன்சர் மருந்தாமே? பயமா இருக்கு.

கேன்சருக்கு அதைக் கொடுக்கும் அளவு வேறு. சரவாங்கிக்கு மிகக் குறைந்த அளவு, வாரத்துக்கு ஒரு முறை. 1988 முதல் அமெரிக்காவில் சரவாங்கிக்கென்றே அங்கீகரிக்கப்பட்டு, இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கான முதல் மருந்தாக இருக்கிறது. வலி மாத்திரை வலியை மறைக்கும். இது எலும்பு அரிபடுவதையே தடுக்கும். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால் இரண்டாவது வாரமே "வேலை செய்யலை" என்று விட்டுவிடாதீர்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிழமையை முடிவு செய்து, மாத்திரை அட்டையின் மேலேயே பேனாவால் அந்தக் கிழமையை எழுதச் சொல்வேன். தினமும் விழுங்கும் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடக் கூடாது. பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் இதுவும் மஞ்சள் நிறத்தில் மாறிப்போகிற மாதிரி இருக்கலாம், இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத கன்றல் வந்தால் அந்த வார மாத்திரையை எடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளைத் தவறவிடாதீர்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்டீராய்டு போட்டதும் ரெண்டே நாள்ல எழுந்து நடந்தேன். அதையே தொடர்ந்தா என்ன?

1948ல் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடக்கவே முடியாமல் இருந்த ஒரு சரவாங்கி நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950ல் அந்தப் பணிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதற்குப் பின்னால்தான் விலை தெரிய ஆரம்பித்தது: எலும்பு மெலிவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, தொற்று.

அதனால் இப்போது ஸ்டீராய்டு ஒரு பாலம் மட்டும். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடித்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தியிருக்கும் என்பதால் மயங்கி விழ நேரலாம். என்ன மருந்து என்று எழுதாத பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு ஒரே நாளில் வலி பறந்துபோனால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

பயாலஜிக் ஊசி போடுறதுக்கு முன்னாடி ஏன் காசநோய் டெஸ்ட்?

பயாலஜிக் என்பது உயிரணுக்களை வைத்துத் தயாரிக்கும் மருந்து. இந்த ஊசிகளில் பெரும்பகுதி டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பவை. 1998ல் சரவாங்கிக்கு வந்ததிலிருந்து பலரின் வாழ்க்கையை மாற்றியிருக்கின்றன. ஆனால் உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப். தான். சோதிக்காமல் தடுத்தால் உறங்கும் கிருமி விழித்துவிடும். ஹெபடைடிஸ் பி சோதனையும் இதே காரணத்துக்காகத்தான். தடுப்பூசிகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள், உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை இந்த ஊசி தொடங்கிய பிறகு போடக் கூடாது.

ராத்திரி திடீர்னு கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகுது. என்ன இது?

கவுட் பெரும்பாலும் இப்படித்தான் வரும். உடல் முனைகளில் வெப்பம் குறைவு என்பதால் யூரேட் என்ற யூரிக் அமில உப்பு அங்கே எளிதில் படிகமாகிறது. ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே தணியும். தணிந்ததும் மறந்துவிடுவதுதான் ஆபத்து. படிகம் உள்ளேயே இருக்கும், அடுத்த முறை கணுக்கால், முட்டி என்று பரவும்.

உறுதிப்படுத்தும் வழி, மூட்டிலிருந்து ஊசியால் திரவம் எடுப்பது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கலாக வரும். ஒரு சொட்டைத் துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் மெல்லிய ஊசி வடிவப் படிகங்கள் பளிச்சென்று மின்னும். கட்டையான, சாய்சதுரப் படிகங்கள் தெரிந்தால் அது கால்சியம் படிகத்தால் வரும் போலிக் கவுட். வயதானவர்களின் முட்டியிலும் மணிக்கட்டிலும் அது அதிகம்.

யூரிக் ஆசிட் 7.8 வந்திருக்கு. கவுட் வந்துருச்சா?

எண் மட்டும் நோய் ஆகாது. 6.8க்கு மேல் போனால் படிகமாகும் வாய்ப்பு உண்டு, ஆனால் அப்படி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கவுட் வருவதே இல்லை. வலியும் இல்லை, சிறுநீரகக் கல்லும் இல்லை என்றால் வழக்கமாக மருந்து தேவைப்படாது. இதற்கு நேர்மாறாக, வலி உச்சத்தில் இருக்கும்போது சோதித்தால் அளவு சாதாரணமாகவும் வரலாம். தணிந்த பிறகு இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை மது, அதிலும் பீர், இனிப்பூட்டிய குளிர்பானங்கள், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சில கடல் உணவுகள். பருப்பையும் கீரையையும் விலக்கத் தேவையில்லை. யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி உடலே உருவாக்குவது, அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அதனால் பத்தியம் மட்டும் இருந்து கவுட்டை அடக்குவது அநேகருக்கு முடியாது. சில நீர் மாத்திரைகளும் அளவைக் கூட்டும்.

அல்லோபியூரினால் ஆரம்பிச்சதும் வலி அதிகமாச்சு. எனக்கு ஒத்துக்கலைன்னு நிறுத்திட்டேன்.

அல்லோபியூரினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து. அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்தான் இந்த வலி. ரத்தத்தில் அளவு இறங்கும்போது பழைய படிகங்கள் கரைந்து அசைகின்றன, அதனால் வலி கிளம்புகிறது. இதைத் தடுக்கத்தான் முதல் சில மாதங்கள் கூடவே கோல்கிசின் கொடுத்து, அல்லோபியூரினாலைச் சிறிய அளவிலிருந்து மெல்ல ஏற்றுகிறார்கள். அளவு 6க்குக் கீழே நிலையாக இருந்தால் படிகம் முழுவதும் கரைந்தே போகும். கவுட் அந்த விதத்தில் நம்பிக்கை தரும் நோய். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உடனே நிறுத்துங்கள்: தோலில் தடிப்பு வந்தால். அது அரிதாக உயிருக்கே ஆபத்தாகும்.

மகனுக்கு 25 வயசு. விடியக்காலம் முதுகுவலியில எழுந்து நடக்கிறான். ஜவ்வு விலகியிருக்குமோ?

ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் வலி ஜவ்வு விலகலின் குணம் இல்லை. மேலே சொன்ன அழற்சி வலியின் குணம் முதுகில் வந்திருக்கிறது. 45 வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பும் முதுகுவலி என்றால் தண்டுவட வாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். பெயர் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ஆரம்பம் இடுப்பின் பின்பக்க மூட்டுகளில். புட்டத்தில் வலது, இடது என்று மாறி மாறி வலிக்கும். எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடம் ஆகும், எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டும். விட்டுவிட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973ல் தெரிந்தது. நோயாளிகளில் மிகப் பலருக்கு அது பாசிட்டிவ். ஆனால் பாசிட்டிவ்வாக இருப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். எனவே வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சோதனையை எடுத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். இந்த நோயில் தினசரி நீட்சிப் பயிற்சி மருந்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. கண் சிவந்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

சொரியாசிஸ் தோல் நோய்தானே, மூட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வரை மூட்டுவாதம் வரலாம். நகத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழி, ஒரு விரல் முழுவதும் அடி முதல் நுனி வரை ஒரே சீராகப் பருப்பது, குதிகால் வலி ஆகியவை அடையாளங்கள். சிலருக்கு மூட்டு முதலில் வந்து தோல் பிறகு வரும். அதனால் டாக்டர் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் தொப்புளிலும் தேடுவார்; சங்கடப்பட வேண்டாம்.

சிக்குன்குனியா வந்து ஆறு மாசமாச்சு. மூட்டுவலி இன்னும் போகலை.

சிலருக்கு மாதங்கள், இன்னும் சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட நீடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு மூட்டு அரிபடாமல் மெல்ல விட்டுப்போகும். வீக்கம் குறையவே இல்லை என்றால் சரவாங்கிக்கான சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

இதேபோல வயிற்றுப்போக்கோ பிறப்புறுப்புத் தொற்றோ வந்து ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் முட்டி, கணுக்கால் வீங்குவதும் உண்டு. இந்த வகையில் கிருமி நேரடியாக மூட்டைத் தாக்குவதில்லை. எதிர்ப்பு சக்தியின் பின்விளைவு அது. டாக்டர் கேட்காவிட்டாலும் அந்தத் தொற்றைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்குக்கூட மூட்டுவாதம் வருமா?

வரும். 16 வயதுக்குள் தொடங்கி ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியிருந்தால் இளம்பிள்ளை மூட்டுவாதத்தைப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. காலையில் நொண்டும், தூக்கச் சொல்லும், நடக்கப் பழகியது மறுபடி தவழும். இந்த நோயில் கண்ணுக்குள் சிவப்போ வலியோ இல்லாமலேயே அழற்சி வந்து பார்வையைப் பறிக்கலாம். எனவே கண் நன்றாகத் தெரிகிறது என்றாலும் டாக்டர் குறித்துக் கொடுக்கும் கண் பரிசோதனையை ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள்.

தொண்டைப் புண் வந்து சில வாரத்தில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும், பாதிப்பு தங்குவது இதய வால்வில். அதற்காகத்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போடுகிறார்கள். வலி இல்லை என்று நடுவில் விட்டுவிடக் கூடாது.

மூட்டுவலிக்குத்தான் போனேன். லூபஸ்னு சொல்லி யூரின் டெஸ்ட் எடுக்கிறாங்க. ஏன்?

லூபஸில் மூட்டுவலி வாசல் மட்டும். கன்னத்தில் மூக்கைத் தாண்டிப் பரவும் சிவப்பு, வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுவது என்று பல உருவம் உண்டு. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சிறுநீரகம் பாதிக்கப்படுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. சிறுநீரில் புரதம் போவதுதான் முதல் தடயம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இந்த நோயின் அடிப்படை மருந்து. தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் செய்துகொள்ள வேண்டும்.

எந்த அறிகுறி வந்தா காத்திருக்காம ஓடணும்?

ஒரே மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் இருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்துவிடும். ஏற்கெனவே சரவாங்கியோ கவுட்டோ இருப்பவர்கள் "வழக்கமான வலி" என்று இருந்துவிடுவது இங்கேதான் பெரிய ஆபத்து.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலை வாரினாலே வலி, பார்வை மங்கல் என்று வந்தால் தலை ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது. தோளும் இடுப்பும் காலையில் விறைத்துப்போகும் பாலிமயால்ஜியா என்ற நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

குளிர்ல வலி கூடுதே, நோயும் கூடுமா?

வலி கூடுவதாக உணர்வது நிஜம். மூட்டு அதனால் கூடுதலாகச் சேதமாவதில்லை. வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு அசைத்துக்கொண்டே இருங்கள்.

குழந்தை பெத்துக்கலாமா? மருந்து எல்லாத்தையும் நிறுத்தணுமா?

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம், திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட்டும், சரவாங்கிக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான லெஃப்ளுனமைடும் கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். லெஃப்ளுனமைடை உடலிலிருந்து வெளியேற்றத் தனி மருந்தே கொடுப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும், சல்ஃபாசலசின் என்ற மற்றொரு வாத மருந்தையும் கர்ப்பத்தில் தொடரலாம். பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லதில்லை, லூபஸில் அது மிக ஆபத்து. சரவாங்கி கர்ப்பத்தில் பலருக்குத் தணிந்து, பிரசவத்துக்குப் பின் சில மாதத்தில் மறுபடி கிளம்பும். அந்த மாதங்களுக்கு வீட்டில் ஒரு துணையை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆண்களும் கேட்க வேண்டும். சல்ஃபாசலசின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பிவிடும்.

இப்போ வலியே இல்லை. மாத்திரையை நிறுத்திடலாமா?

கவுட்டில் படிகம் கரைந்த பிறகும், மாத்திரையை விட்டால் அளவு மறுபடி ஏறும். சரவாங்கியில் முழுவதும் நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்குச் சில மாதத்தில் நோய் திரும்புகிறது. திரும்பிய நோய் பழைய மருந்துக்கே அடங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

ஆனால் வாழ்நாள் முழுக்க இதே அளவு என்றும் அர்த்தமில்லை. குறைந்தது ஆறு மாதமாவது வீக்கம் இல்லை, ரத்தச் சோதனையும் நன்றாக இருக்கிறது என்றால் டாக்டரே குறைக்கத் தொடங்குவார். முதலில் ஸ்டீராய்டு, பிறகு பயாலஜிக் ஊசியின் இடைவெளி, கடைசியில்தான் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை. குறைக்கும் அந்தக் காலத்தில் காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று காலண்டரில் குறித்து வாருங்கள். அது நீண்டுகொண்டே போனாலோ, விரலில் மோதிரம் இறுகினாலோ அடுத்த தேதிவரை பொறுக்காமல் போன் செய்து சொல்லுங்கள்.